கணினிக்குப் பூட்டுப் போட்ட கதை



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக் கணினியில் அவர் வைத்திருந்த கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. குடும்பப் படங்கள், வங்கிக் கணக்குகள் எல்லாம் அதற்குள். கடைசியில் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைக்காரத் தம்பி ஒரு பென் டிரைவைச் செருகிப் பத்தே நிமிடத்தில் திறந்து கொடுத்துவிட்டான்.

"படமெல்லாம் கிடைச்சிடுச்சு சார். வீட்டுக்கு வந்தப்புறம்தான் பயம் வந்துச்சு. அந்தத் தம்பி திறக்கலாம்னா யார் வேணும்னாலும் திறக்கலாமே? அப்ப பாஸ்வேர்டு எதுக்கு சார்?" என்றாள்.

நியாயமான கேள்வி. வரலாறு நடத்தியவன் என்பதால் ஆரம்பத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது) பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு ஒரு புதுமை செய்தது. ஒரே பெரிய கணினியைப் பல பேர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். அந்த அமைப்புக்கு சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். ஒருவர் கோப்பை மற்றவர் தொடக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளையட்டையில் கொடுத்தால் அந்தக் கோப்பை அச்சடித்துத் தரும் வசதி அங்கே இருந்தது. அவர் கடவுச்சொல் பட்டியலையே கேட்டார். அச்சாகி வந்துவிட்டது! பல வருடம் கழித்து அவரே இதைச் சொன்னார்.

1966இல் இன்னொரு கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார், மற்றவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். இரண்டு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் விழுந்ததால் இரண்டும் இடம் மாறின. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொல்லும் தெரிந்தது.

கவனியுங்கள், இரண்டு தடவையும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவிக்கொத்துதான் வெளியே வந்தது.

அப்படியானால் சாவிக்கொத்தையே வைக்காமல் இருக்க முடியுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் 1960களில் வழி கண்டார். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் அரைத்து வை. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? ஒருவர் உள்ளே வரும்போது அவர் அடிப்பதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் அமைப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் திரட்டிப் பார்த்த 3,289 கடவுச்சொற்களில் ஏறத்தாழ 86 சதவீதம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியவை: மிகக் குட்டையானவை, அகராதிச் சொற்கள், பெயர்கள். இன்றும் பேரன் பெயரோடு 123 சேர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு சிட்டிகையைச் சேர்க்கும் முறையையும் அந்தக் கட்டுரை விளக்கியது. ஒரே சொல்லை இருவர் வைத்தாலும் மாவு வேறாக இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'உப்பு'தான்.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பெரிய கணினி தனி அறையில் இருந்தது, பயனரிடம் முனையம் மட்டுமே. வீட்டுக் கணினிக்கு அந்த அறை இல்லை, இயந்திரமே கைக்கு எட்டும். விண்டோஸ் 95இல் கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் 'கேன்சல்' அழுத்தினாலே பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். பின்னால் வந்தவை அவ்வளவு மோசமில்லை. ஆனால் கணினிக்குள்ளேயே உருவாக்கும் கணக்கின் 'மாவு' அதே ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. விண்டோஸ்தான் காவல்காரர். பென் டிரைவிலிருந்து வேறு அமைப்பைக் கிளப்பினால் காவல்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். மாவை ஆராய வேண்டாம், பழையதை எடுத்துவிட்டால் போதும். கோப்புகளை நேராகவே படிக்கவும் முடியும்.

இதற்கு மருந்து, டிஸ்க் முழுவதையும் பூட்டும் என்கிரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர் என்று இருக்கிறது. திருட்டுப்போன மடிக்கணினியிலிருந்து அதன் பிறகு எதையும் படிப்பது மிகக் கடினம். ஆனால் அந்தத் தம்பியாலும் திறக்க முடியாது. அவள் அப்பா அதைப் போட்டிருந்து, சாவி எண்ணும் யாரிடமும் இல்லையென்றால், படங்கள் போனதுதான்.

ஆகவே பூட்டுங்கள், மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். கணினியைப் பழுதுக்குக் கொடுத்தால் முடிந்தவரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, என் கடவுச்சொல்லும் என் மனைவிக்குத் தெரியாது. அன்று இரவே எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். நீங்களும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.