வெயில் பாதை, நிழல் பாதை: சிராமலை பற்றிச் சில குறிப்புகள்

மலைக்கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உச்சியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். காவிரி, கொள்ளிடம், நடுவே சீரங்கம், 1987-இல் முடிந்த ராஜகோபுரம். ஏறிவந்த பாதையைப் பற்றிப் பேச்சே கிடையாது. பாதைக்கும் வரலாறு உண்டு. வெயிலையும் நிழலையும் யாருக்கு எவ்வளவு என்று பங்குவைத்த வரலாறு அது.

அடிவாரத்து மாணிக்க விநாயகரிலிருந்து உச்சிக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள். பெரும்பகுதி கூரைக்குள்ளும் பாறைக்குள்ளும் போகிறது. சித்திரையிலும் உள்ளே குளுமைதான். தாயுமானவர் கோயிலைத் தாண்டி வெளியே வந்தால்தான் வெயில் முகத்தில் அறைகிறது. அதற்குமேல் உச்சிப்பிள்ளையார் வரை திறந்த பாறை. கத்திரியில் வெறுங்கால் ஒரு படியில் நிற்காது. ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். ஐப்பசி மழையில் அதே கல் வழுக்கும். கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏறும்போதுதான் கல் கொஞ்சம் சாந்தமாகும். நான் எல்லாப் பருவத்திலும் ஏறியிருக்கிறேன். எங்க அப்பாயி ஒவ்வொரு முறையும் சொல்லும்: "வெயிலு ஏறுமுன்ன ஏறிப்புடு. கல்லு ஆளு பாத்துச் சுடாது." இதை வெறும் எச்சரிக்கையாகத்தான் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குக் கீழே, கூட்டம் திரும்பிப் பார்க்காத பக்கத்தில், சமணர் படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஏறியவர்களுக்குக் கூரைபோட்ட படிக்கட்டு இல்லை. வெயிலில் ஏறினார்கள்; பாறை தானாகக் கொடுத்த நிழலில் படுத்தார்கள். அங்குள்ள எழுத்துகளில் 'சிரா' என்ற பெயரைப் படித்திருக்கிறார்கள். அந்தத் துறவியின் பள்ளிதான் சிராப்பள்ளி ஆயிற்று என்பது ஒரு சாரார் கருத்து. தலபுராணமோ திரிசிரன் என்ற அரக்கனைக் கொண்டுவருகிறது. பெயரைக்கூடத் துறவிக்கு விட்டுவைக்க மனமில்லை.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மேல்குடைவரையை வெட்டுகிறான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் கற்பனை சுவாரசியமானது: தரையிலுள்ள கோயிலிலிருந்து சோழநாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் கேட்கிறாராம், அதற்காகத்தான் அரசன் மலைமேல் இடம் கொடுத்தானாம். அவன் வேறு நெறியிலிருந்து திரும்பியவன் என்பதும் அதிலேயே வருகிறது. துறவிக்கு மலை தலைசாய்க்கிற இடம். அரசனுக்கு அது கீழே பார்க்கிற இடம், அதுவும் சோழநாட்டை. 1751-இல் சந்தா சாகிபின் படை கோட்டையை முற்றுகையிட்டபோதும் இந்த உயரத்துக்கு மதிப்பு, பார்வைக்குத்தான். நம் சுற்றுலாக் கையேடுகள் இன்றைக்கும் அரசன் நின்ற இடத்தில்தான் நம்மை நிற்கவைக்கின்றன.

அந்த உயரத்திலிருந்து பருவத்தையாவது பார்க்கிறோமா? 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆற்றின் பருவம் வானத்தில் மட்டும் இல்லை, மதகிலும் இருக்கிறது. அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்கன்று மேலேயிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும். 2018 ஆகஸ்டில் திறந்துவிட்ட வெள்ளத்தில் கொள்ளிடத்தின் 1928-ஆம் ஆண்டுப் பழைய பாலம் இடிந்தது. இரண்டுக்கும் 'இயற்கை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

இனி நிழல். கூரை போட்ட பாதை கோயிலுக்குள் போகிற பாதை. கோயில் என்றால் வாசல். வாசல் என்றால் உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வி. தமிழகக் கோயில்கள் நூற்றாண்டுகளாக அந்தக் கேள்விக்குச் சாதியைக்கொண்டே பதில் சொல்லிவந்தன. சென்னை மாகாணத்தின் 1939-ஆம் ஆண்டுச் சட்டம், கோயிலைத் திறக்க விரும்பிய அறங்காவலர்களுக்கு வழிவிட்டது, அவ்வளவுதான். நுழைவை உரிமையாக்கியது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். மகேந்திரனின் குடைவரைக்கு ஆயிரத்து முந்நூறு வயது ஆனபிறகு!

அப்பாயி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலில் காய்ந்த கல் ஆள் பார்க்கவில்லை. கூரை போட்டு, வாசல் வைத்து, நிழலை உடைமையாக்கியபோதுதான் ஆள் பார்க்கும் வேலை ஆரம்பித்தது. குடைந்தவர்கள், படி செதுக்கியவர்கள், கல் சுமந்தவர்கள் எந்த வெயிலில் நின்றார்கள் என்று எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. காட்சிக்கு வரலாறு எழுதியாயிற்று. இனி அந்தக் கால்களுக்கு எழுத வேண்டும். அதை உச்சியில் நின்று எழுத முடியாது; படியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.