செத்துப் போகாத நத்தைப் பணம்

பி.காம் புத்தகத்தில் பணத்தின் வரலாறு ஒரே பத்தியில் முடிந்துவிடும்: பண்டமாற்று, சோழி, நாணயம், நோட்டு. சோழி, சங்கெல்லாம் அந்த வரியோடு செத்துப் போச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நசாரிடே என்று ஒரு நத்தைக் குடும்பம். பெரும்பாலும் கடலில், சில வகை ஆற்றில். பல வகைகள் விரல் நகம் அளவுதான். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் 75,000 வருடங்களுக்கு முன்பே இதன் ஓட்டைத் துளைத்து மணியாகக் கோத்திருக்கிறார்கள்!

பாப்புவா நியூ கினியில், நியூ பிரிட்டன் தீவின் தொலாய் மக்கள் இதே குடும்பத்து ஓடுகளைப் பிரம்பு நாரில் கோத்துப் பணமாக்கினார்கள். பெயர் 'தபு'. இரண்டு கையையும் விரித்த நீளம்தான் அளவு. 1884இல் ஜெர்மன் ஆட்சி வந்தது. வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் தேங்காய், கொப்பரை வாங்கத் தபு வேண்டியிருந்தது. அது பிடிக்காமல், 1900களின் தொடக்கத்தில் அவர்கள் வியாபாரத்தில் தபுவுக்குத் தடை போட்டது அரசு. 1914இல் ஜெர்மானியர் போனார்கள், அவர்களுடைய மார்க்கும் போனது. தபு போகவில்லை.

காரணம்? ஒருவர் சேர்த்த தபு பெரிய வளையமாகச் சுருட்டி வைக்கப்படும். அவர் இறந்ததும் அதை வெட்டி, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள்.

'பணம் ஒரு பரிமாற்றக் கருவி' என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியவன் நான். சேர்த்ததைக் கடைசியில் பகிர்ந்து கொடுப்பதும் பணத்தின் வேலைதான் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. உங்கள் பாடத்தில் வந்ததா நண்பர்களே?