வாகரைக் காய்ச்சலும் ஒரு நொதியத்தின் வரலாறும்

இலங்கையின் மலேரியா வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1934 ஆம் ஆண்டிலிருந்தே தம் கதையைத் தொடங்குவர். அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அக்குட்டைகளின் தெளிந்த நீரில் அனோபிலிசு குலிசிபேசீசு என்னும் நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 உயிர்கள் மாண்டன. கேகாலை, குருநாகல் முதலாய பகுதிகளிலேயே அழிவு மிகுந்திருந்தது. நாட்டின் அரசியலையே அசைத்த நிகழ்ச்சியாதலின் அதுபற்றி நூல்களும் அறிக்கைகளும் மிகப் பல எழுந்தன.

ஆயின் அவ்வரலாற்றில் வாகரைக்கு இடமில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையிலே, ஒருபுறம் கடலும் ஒருபுறம் களப்பும் காடும் சூழ, மாங்கேணி, பனிச்சங்கேணி, கண்டலடி, கதிரவெளி என நீண்டு வெருகலாற்றைத் தொடும் இந்நிலப்பரப்பு உலர்வலயத்தைச் சேர்ந்தது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் குளங்களிலும் ஆற்றுப்படுகைகளிலும் எஞ்சும் நீர் ஆண்டுதோறும் நுளம்புக்கு நாற்றங்காலாயிற்று. மீன்பிடித்தும் சேனை செய்தும் தேனெடுத்தும் வாழ்ந்த மக்களுக்கும், கரையோர வேடர் எனச் செலிக்மன் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிற் குறித்த குடியினருக்கும், முறைக்காய்ச்சல் வாழ்க்கையின் ஒரு கூறாகவே இருந்துவந்தது. உலர்வலயத்திற் பிறந்த குழந்தை மீண்டும் மீண்டும் காய்ச்சலுற்று, மண்ணீரல் வீங்கி, இறவாது தப்பினால் ஓரளவு தடுப்பாற்றலைப் பெற்றது. இதனாலேயே 1934 ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை இத்தகைய இடங்களிற் குறைவாகவே உயிர்குடித்தது. எக்காலமும் நோயுற்றிருந்தமையே இம்மக்களைக் காத்தது. அதுவே அவர்களை வரலாற்றின் கண்ணுக்கு மறைத்தும்விட்டது. கொள்ளைநோயை எண்ணிய வரலாற்றாசிரியர் ஓயாநோயை எண்ண மறந்தனர் என்பதே எமது துணிபு.

இவ்வோயாநோய்க்கு நெடுங்காலம் கிடைத்த மருந்து ஒன்றே. 'கொயினா' என நம்மவர் கசப்புக்கு உவமையாக வழங்கிய அப்பொருளைச் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820 ஆம் ஆண்டிற் பெல்லத்தியேர், கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தெடுத்தனர். இலங்கையிலேயே அம்மரத்தை வளர்ப்பதற்காக 1861 ஆம் ஆண்டில் அக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. மருந்து காய்ச்சலைத் தணித்தது என்பது உண்மை. அஃது எவ்வாறு தணித்தது, ஒட்டுண்ணியின் உடலில் எதனைத் தாக்கியது என்னும் வினாவுக்கு அக்காலத்தில் விடையில்லை. பட்டறிவால் வந்த மருந்து அது. ஒரு கலத்தின் எந்தத் தொழிலைத் தடுத்தால் அக்கலம் அழியும் என முன்னரே எண்ணி, அதற்கேற்ப ஒரு மூலக்கூற்றை ஆக்கிக்கொள்ளும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் கைகூடிற்று. அம்முறையின் கதை, வியக்கத்தக்க வகையில், நம் வீட்டு அடுக்களைகள் அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகின்றது.

1928 ஆம் ஆண்டில் லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களைப் பீடித்த கடுமையான சோகையை அவர் ஆராய்ந்தார். மதுவம் என்னும் நொதியிலிருந்து செய்யப்படும் மலிவான பசை அந்நோயை மாற்றுவதை அவர் கண்டு 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பசையே மார்மைட். இலங்கையில் 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாவின்போது சூரியமல் இயக்கத் தொண்டர்கள் நலிந்த கிராம மக்களுக்கு இதே மார்மைட்டைக் கொடுத்தனர். அதனுள் அடங்கியிருந்த சத்து யாது என்பதை அன்று கொடுத்தவரும் அறியார், உண்டவரும் அறியார். 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பசளிக்கீரை நான்கு தொன்னை வடித்து அச்சத்தைச் செறிவாக்கிப் பெற்று, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதனைப் போலிக்கமிலம் என்றனர்.

அதனை ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கும் முயற்சியை முன்னின்று நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 ஆம் ஆண்டு பீமவரத்திற் பிறந்த தெலுங்கர் இவர், பயின்றதோ சென்னையில். தம் சகோதரர் இருவரை வெப்பவலயக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்கும்போது கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியோடு வெளியேறியவர். சென்னையில் ஆயுள்வேதக் கல்லூரி ஒன்றிற் கற்பித்துவிட்டு, 1920களின் முற்பகுதியில் அமெரிக்கா சென்றார். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வுகள் உயிரிரசாயனவியலில் நிலைபெற்றன. நிலையான பதவிதான் அவருக்கு அங்கே கிட்டவில்லை. பின்னர் நியூயோர்க் அருகிலுள்ள லெடர்லே நிறுவனத்திற் சேர்ந்தார். அவருடைய குழுவினர் 1945 ஆம் ஆண்டிற் போலிக்கமிலத்தின் தொகுப்பை அறிவித்தனர். யானைக்கால் நோய்க்கு வழங்கும் மருந்தும், ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிரெதிரியும் அவர் தலைமையேற்றிருந்த அதே ஆய்வுகூடத்திலிருந்தே வந்தன. நோபல் பரிசு பெறாதவருள் இவரைப் போன்றோர் சிலரே உளர்.

இனி நிகழ்ந்ததே எம் பொருளுக்கு உயிர்நிலை. பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையின் நோயியலாளர் சிட்னி பார்பர் வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர்க்குப் போலிக்கமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைவுபட்டது என அவர் கருதினார். அவ்வாறாயின் அச்சத்தைத் தடுத்தால் நோய் நிற்க வேண்டுமன்றோ? போலிக்கமிலத்தைத் தோற்றத்தால் ஒத்து, தொழிலால் மாறுபடும் போலி மூலக்கூறுகளைச் சுப்பாராவின் குழுவினர் அவருக்கு ஆக்கிக்கொடுத்தனர். அவற்றுள் அமினொப்தெரின் என்பது 1947 ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதலாகச் சிறுவர்க்கு ஏற்றப்பட்டது. 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த கட்டுரையிற் 16 சிறுவருள் 10 பேருக்கு நலன் காணப்பட்டதாகப் பார்பர் எழுதினார். அந்நலன் நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் மீண்டது. எனினும் குருதிப் புற்றுநோயை ஒரு வேதிப்பொருள் சிறிது காலமேனும் பின்வாங்கச் செய்யும் என அதற்கு முன் நம்பியோர் சிலரே. அவ்வாண்டு ஓகத்து மாதத்திற் சுப்பாராவ் காலமானார். அமினொப்தெரினின் உடன்பிறப்பாகிய மெதொட்ரெக்சேற் இன்றும் சிறுவர் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் தூண்களுள் ஒன்று. வசதிமிக்க நாடுகளில் அந்நோயுற்ற சிறுவருட் பத்தில் ஒன்பதளவினர் இன்று பிழைக்கின்றனர்.

இதே காலத்தில், பார்பரோடு தொடர்பின்றி, நியூயோர்க் அருகே வேறோர் ஆய்வுகூடத்தில் யோர்ச் இச்சிங்சு என்பவரும் கேட்றூட் எலியன் என்னும் பெண்மணியும் ஒரு பொதுவிதியைத் தேடிக்கொண்டிருந்தனர். பாட்டனார் புற்றுநோயால் இறந்ததைச் சிறுவயதிற் கண்டு வேதியியலை நாடியவர் எலியன். புற்றுக்கலமாயினும் பற்றீரியாவாயினும் மலேரியா ஒட்டுண்ணியாயினும், விரைந்து பெருகும் எவ்வுயிர்க்கலமும் தன் டி.என்.ஏ. இழையை இடையறாது படியெடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருளை மறித்துவிட்டால் அது பெருகாது என்பதே அவர்களின் எண்ணம். அவ்வழியில் ஆக்கப்பட்ட ஒரு பொருள், மலேரியாவுக்கு ஏலவே வழங்கிய புறோகுவானிலை அமைப்பில் ஒத்திருப்பதை அவர்கள் கண்டனர். பிரிமெத்தமின் என்னும் மலேரியா மருந்து 1950களின் தொடக்கத்தில் இவ்வாறு தோன்றிற்று. இவ்விருவரும் 1988 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பார்பரின் மருந்தும் இச்சிங்சின் மருந்தும் தாக்குவது ஒரே நொதியத்தை என்பது 1950களின் பிற்பகுதிக்குப் பின்னரே தெளிவாயிற்று. இருஐதரோபோலேற்றுத் தாழ்த்தி என்பது அதன் பெயர். பெயர் நீண்டதாயினும் தொழில் எளிது: போலிக்கமிலத்தைக் கலம் பயன்படுத்தக்கூடிய வடிவுக்கு மாற்றிக் கொடுப்பது. இது மனிதக் கலத்திலும் உண்டு, ஒட்டுண்ணியிலும் உண்டு. ஆயின் இரண்டின் வடிவமும் முற்றும் ஒன்றல்ல. ஒரே கம்மாளன் செய்த இரு பூட்டுகள் போல அவை சிறிது வேறுபடும். பிரிமெத்தமின் ஒட்டுண்ணியின் பூட்டில் இறுகப் பொருந்தி, மனிதப் பூட்டில் தளர்ந்தே நிற்கும். மெதொட்ரெக்சேற்றோ மனிதக் கலத்தின் பூட்டையே இறுக அடைப்பது. நலமுள்ள கலங்களினும் புற்றுக்கலம் விரைந்து பெருகுவதால் அதற்கே கேடு மிகுதி. புற்றுநோய் மருந்து உண்போரின் முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே. மேலும், மனிதன் போலிக்கமிலத்தை உணவிலிருந்து பெறுகிறான். மலேரியா ஒட்டுண்ணி அதனைத் தானே ஆக்கவும் வல்லது. அந்த ஆக்கவழியை மறிப்பது சல்பாடொக்சின். ஆகவே இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே பாதையின் இரு வாயில்களையும் அடைத்தவாறாகும்.

இக்கூட்டு மருந்து இலங்கைக்குத் தேவைப்பட்ட வரலாறு துயரமானது. டி.டி.ரி. தெளிப்பும் குளோரோக்குயினும் கைவந்தபின் நாடு முழுவதிலும் நோய் வீழ்ந்தது. 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேரே. வென்றுவிட்டோம் என்னும் எண்ணத்தில் அடுத்த ஆண்டு தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. 17 என்னும் எண்ணிலிருந்து ஐந்து இலட்சத்துக்கு ஆறே ஆண்டுகள். மீண்டும் வந்த நுளம்பு டி.டி.ரி.க்கு அஞ்சவில்லை, 1970களில் மலத்தியோன் தெளிக்கவேண்டியதாயிற்று. 1984 ஆம் ஆண்டிற் குளோரோக்குயினுக்கு அடங்காத பல்சிப்பாரம் வகை ஒட்டுண்ணியும் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அத்தகைய நோயாளர்க்கே சல்பாடொக்சின்–பிரிமெத்தமின் வழங்கப்பட்டது. பொஸ்ரன் சிறுவரைக் காக்க எழுந்த அதே எண்ணம், மூளைவரை பரவிக் கொல்லும் காய்ச்சலிலிருந்து நம் உலர்வலயத்தாரைக் காக்க வந்தது இவ்வாறே.

அம்மருந்தும் நெடுநாள் தனியாட்சி செய்யவில்லை. ஒட்டுண்ணியின் நொதியத்தில் 108 ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோவமிலம் அஸ்பரஜீனாக மாறினாற் பிரிமெத்தமின் சரியாகப் பொருந்தாது என 1988 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஒரேயொரு மணி மாறினால் மாலை முழுவதும் வேறாகிறது! அதன்மேல் 51, 59, 164 ஆம் இடங்களிலும் மாற்றம் சேரச்சேர மருந்து மேலும் வலுவிழக்கும். தென்கிழக்காசியாவில் தோன்றிய இத்தகைய ஒட்டுண்ணிக் குலமொன்று ஆபிரிக்காவிற் குடிபுகுந்து பரவியமையை 2004 ஆம் ஆண்டில் மரபியலாய்வு நிறுவிற்று. புற்றுக்கலமும் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்கின்றது. ஆனால் அதன் உபாயம் வேறு. மெதொட்ரெக்சேற்றை எதிர்க்கும் கலங்கள் அந்நொதியத்தின் பரம்பரையலகையே பலமடங்கு பெருக்கி வைத்திருப்பதை 1978 ஆம் ஆண்டிற் சிம்கே என்பவரின் குழு காட்டிற்று. ஒட்டுண்ணி பூட்டின் வடிவை மாற்றுகிறது. புற்றுக்கலம் திறவுகோல் போதாதவாறு பூட்டுகளைப் பெருக்குகிறது. ஒட்டுண்ணியின் அந்நொதியத்தினது முப்பரிமாண அமைப்பைப் பாங்கொக்கில் யுத்தவோங் என்பவரின் குழுவினர் 2003 ஆம் ஆண்டில் வரைந்து வெளியிட்டு, மாறிய பூட்டுக்கும் பொருந்தும் மூலக்கூறு ஒன்றை ஆக்கினர். மலேரியாவால் வருந்திய நாடொன்றிலேயே அவ்வாய்வு நிகழ்ந்தது என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

இவ்வளவும் நடந்த காலத்தில் வாகரை போர்க்களமாயிருந்தது. தெளிப்புக் குழுக்கள் செல்ல இயலாத ஊர்களும் வைத்தியரில்லா வைத்தியசாலைகளும் வடகிழக்கெங்கும் இருந்தன. 1999 ஆம் ஆண்டில் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவுற்றபோது அவருட் பெரும்பாலோர் இப்பகுதிகளைச் சேர்ந்தவரே. 2004 ஆம் ஆண்டின் கடல்கோள் இக்கரையை வாரிச்சென்றது. 2006 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாகரை மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். காட்டுவழியே நடந்து முகாம்களில் நெருங்கி வாழ்ந்த அக்கூட்டத்திற் காய்ச்சல் கொள்ளையாய் எழுந்திருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். எழவில்லை, நாட்டின் நோயாளர் தொகை அவ்வாண்டுகளிற் சில நூறுகளாக இறங்கிவிட்டிருந்தது. மருந்தூட்டிய நுளம்புவலை, வீட்டுச்சுவரில் தெளிப்பு, காய்ச்சலுற்றோரைத் தேடிச்சென்று குருதி பார்த்த நடமாடும் குழுக்கள் ஆகியவற்றின் பயன் இது. மூலக்கூற்றாய்வின் பெருமையைப் பேசுமிடத்து இத்தொழிலாளரை மறப்பது நன்றியன்று. 1972 ஆம் ஆண்டளவில் சீனத்தில் தூ யூயூ அம்மையார் பண்டை மருத்துவ நூலொன்றின் துணைகொண்டு பிரித்த ஆர்ட்டெமிசினின், கூட்டுமருந்தாக 2008 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தபோது எஞ்சிய வேலை சிறிதே.

2012 ஆம் ஆண்டு ஒற்றோபரில் இலங்கையின் இறுதி உள்நாட்டு மலேரியா நோயாளர் பதிவாயினர்; 2016 ஆம் ஆண்டு செத்தெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா நீங்கியதென உறுதிப்படுத்திற்று. நுளம்பு நீங்கவில்லை. கிழக்குக் கரையோர நுளம்புகளின் டி.என்.ஏ.யைப் படித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் அவருடன் ஆய்ந்தோரும், அனோபிலிசு சப்பிக்றசு எனத் தோற்றத்தால் எண்ணப்பட்டவற்றுள் அனோபிலிசு சன்டைக்கசு என்னும் வேறோரினம் மறைந்திருப்பதை 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது உவர்கலந்த நீரிற் பெருகுவது; தென்கிழக்காசியக் கரைகளில் மலேரியாவைக் காவுவது. மட்டக்களப்புக் கரையோரத்து உவர்நீரில் தெங்குக் காய்ச்சலின் நுளம்பு வளர்வதையும் அவர்கள் கண்டனர். குளத்து நன்னீரைக் காத்து நின்ற மலேரியாத் தடுப்பாளர் களப்பின் ஓரத்தையும் இனிப் பார்த்தாக வேண்டியவராயினர். 1963 ஆம் ஆண்டின் 17 நோயாளரை அறிந்தோர் இன்று மிகச் சிலர். மலேரியா நோயாளி ஒருவரையேனும் காணாது பட்டம் பெறும் மருத்துவரோ ஆண்டுதோறும் பெருகுகின்றனர். வெளிநாடு சென்று காய்ச்சலோடு திரும்பும் ஒருவரின் குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கவேண்டும் என்னும் நினைவு, வாகரை வைத்தியசாலையில் ஆயினும் கொழும்பில் ஆயினும், அவர்களுக்கே வரவேண்டியிருக்கிறது.