உள்ளரங்கில் ஒரு வெள்ளிப் பதக்கமும் ஆண்டர்சன்பேட்டையும்

2023 பிப்ரவரியில் கசகஸ்தானின் அஸ்தானா நகரில் ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி நடைபெற்றது. ஆடவர் நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கம் வென்ற தைவான் வீரர் லின் யூ-தாங் தாண்டியது 8.02 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு. தமிழ்நாட்டு வீரர் ஒருவரின் வெற்றி என்று மட்டும் இதனை வாசித்தால், அவர் பயிற்சி பெற்ற இடம் பார்வைக்கு வராமற் போகும். அவரை உருவாக்கிய களம் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில், இரும்புத் தாது வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தொழில் நிறுவனத்துக்கும் விளையாட்டுக்கும் இடையிலான இந்த உறவின் பழைய அத்தியாயம் ஒன்றைத் தேடினால், அதே மாநிலத்தின் மற்றொரு சுரங்க ஊருக்குத்தான் செல்ல வேண்டும்.

முதலில் உள்ளரங்கின் தன்மையைக் குறிப்பிடுதல் நலம். நீளம் தாண்டுதலில் காற்று ஒரு பங்காளி. பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், தாண்டிய தூரம் போட்டிக்குச் செல்லும். சாதனைப் பட்டியலுக்குச் செல்லாது. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டை அடுத்த தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆனால் அளவுக்கு மேல் காற்று வீசியிருந்தமையால், 8.36 மீட்டருடன் இரண்டாமிடம் பெற்ற முரளி ஸ்ரீசங்கரின் பெயரே தேசியச் சாதனையாகப் பதிவாயிற்று. உள்ளரங்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே காற்று உதவுவதுமில்லை, கெடுப்பதுமில்லை. 1984 ஜனவரியில் நியூயார்க்கில் கார்ல் லூயிஸ் தாண்டிய 8.79 மீட்டர் இன்றும் உள்ளரங்க உலகச் சாதனையாக நிற்கிறது.

உள்ளரங்கத் தடகளம் பனிக்கால நாடுகளின் தேவையிலிருந்து பிறந்தது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் கூரைக்கு அடியில் ஓடுபாதை அமைக்க நெடுங்காலம் எவரும் முனையாததில் வியப்பில்லை. ஆசிய உள்ளரங்கப் போட்டியே 2004இல்தான், தெஹ்ரானில், தொடங்கியது. அதே தெஹ்ரானில் 30 ஆண்டுகளுக்கு முன்னர், 1974 ஆசிய விளையாட்டில், திறந்த வெளியில் டி. சி. யோகன்னான் 8.07 மீட்டர் தாண்டி ஆசியச் சாதனை படைத்திருந்தார். அந்தத் தூரத்தை இன்னோர் இந்தியர் கடந்ததும் 2004இல்தான். அம்ரித்பால் சிங் 8.08 மீட்டர் தாண்டினார். ஒரு சென்டிமீட்டர் முன்னேற 30 ஆண்டுகள்! இதனைத் திறமைக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அக்கால வீரருக்குச் சோறு போட்டது எது என்று கேட்பதே பொருத்தமான கேள்வி. யோகன்னான் டெல்கோ நிறுவனத்தில் பணிபுரிந்தவர். இரயில்வே, இராணுவம், காவல்துறை, தொழிற்சாலை ஆகியவையே அன்றைய இந்தியத் தடகளத்தின் புரவலர்கள். வேலை கிடைத்தால் விளையாட்டு தொடரும். இல்லையேல் இருபத்திரண்டு வயதில் முடிந்துவிடும்.

கோலார் தங்கவயல் இதற்கு முந்தைய சான்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய இச்சுரங்கங்களில் இறங்கியவர்களிற் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அவர்களிலும் மிகுதியானோர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த ஆண்டர்சன்பேட்டை இன்றும் தமிழ் பேசும் ஊராகவே இருக்கிறது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளோ நெடுங்காலம் மூங்கில் தட்டி லைன்களாகவே இருந்தன. ஐரோப்பியருக்குத் தனி மன்றமும் கோல்ஃப் திடலும் இருந்தன. ஆகவே நிறுவனம் வளர்த்த விளையாட்டைக் கொடை என்று மட்டும் எழுதுவது வரலாறாகாது. 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அதே மக்களின் ஓய்வு நேரத்தையும் நிறுவனம் தன் கண்ணுக்குள் வைத்திருக்க விரும்பியது என்றே கொள்ள வேண்டும். இருந்தாலும் திடல் திடல்தான். அதில் ஓடியவர்கள் நிறுவனத்தின் நோக்கத்தை நினைத்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

தங்கவயலிற் பிறந்த கென்னத் பவல் இம்மரபின் அறியப்பட்ட பெயர். விரைவோட்ட வீரரான அவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965இல் அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையின் திருப்பம் ஊரிலன்று, பெங்களூரின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் கிடைத்த வேலையில் இருந்தது. சுரங்க ஊர் வீரரைத் தந்தது. வேறொரு தொழிற்சாலை அவரைத் தொடர்ந்து ஓடவைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, ஊதியத்தோடு சேர்ந்து இந்தப் புரவல முறையின் உள்ளூர் வேரும் அறுந்தது.

பல்லாரியிலும் நிறுவனம்தான் இருக்கிறது, எஃகு நிறுவனம். அது 2018இல் தொடங்கிய விஜயநகர் விளையாட்டுக் கழகத்தில் ஆல்ட்ரினுக்குப் பயிற்சியளித்தவர், உலகப் போட்டிகளில் மும்முறைத் தாண்டலில் வெள்ளி வென்ற கியூபாவின் யோவாந்த்ரி பெத்தான்சோஸ். அஸ்தானாவிலிருந்து திரும்பிய மூன்று வாரங்களுக்குள், 2023 மார்ச் 2 அன்று, அதே வளாகத்தின் திறந்த வெளியில் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். கருவிகள், மருத்துவம், பயிற்றுநர் என எவ்வகையிலும் பழைய தங்கவயல் இதற்கு ஈடில்லை. வேறுபாடு ஆட்களில் இருக்கிறது. பல்லாரியில் பயில்வோர் நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து தங்குபவர்கள். தங்கவயலில் ஓடியவர்களோ அந்த மண்ணுக்குள் இறங்கியவர்களும் அவர்களின் பிள்ளைகளும். முன்னது சிறந்த தாண்டலைத் தருகிறது. பின்னது ஓர் ஊருக்கே விளையாட்டைத் தந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் ‘புரவலம்’ என்று அழைப்பது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

இன்று ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். முன்பு வேலைமுறை முடிந்தவர்கள் திடலுக்கு வந்த மாலை நேரம் அவர்களுக்கு இரயில் பெட்டியிலேயே கழிகிறது.