தோள்மேல் புடவை, தோல்மேல் பவுண்டேஷன்

"உங்கள் அண்டர்டோன் வார்மா, கூலா?" இதற்கு விடை தெரிந்துவிட்டால் புடவை முதல் பவுண்டேஷன் வரை எல்லாம் பொருந்திவிடும் என்கிறார்கள் அழகுக்கலைஞர்கள். வெயிலில் அலைந்தால் மேல்நிறம் கறுக்கும், வீட்டோடு இருந்தால் தெளியும். அடியில் ஓடும் பொன்சாயலோ (வார்ம்) செஞ்சாயலோ (கூல்) அவ்வளவு எளிதில் மாறாது. அந்த அடிநிறம்தான் அண்டர்டோன். விஷயம் சரிதான். ஆனால் துணி தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பவுண்டேஷன் தோலின்மேலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அட்டவணையை நீட்டுவதில்தான் குழப்பம்.

முதலில் துணி. பாரிஸில் கோப்லன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்திருந்தன. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்று 1839-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். முகத்தருகே பச்சைத் துணி இருந்தால் வெளிறிய கன்னத்திலும் செம்மை கூடித் தெரியும் என்பது அதில் ஒரு குறிப்பு.

அவர் பேசியது பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பற்றி. நம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் வரும்போது, அடிநிறத்தைவிட நிறத்தின் அடர்த்திதான் பெரிதாகப் பேசுகிறது என்பது என் கணிப்பு. அரக்கும் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் எடுப்பாக நிற்கின்றன. தோலோடு ஒட்டிப்போகும் மங்கிய பீஜ் டல்லடிக்கிறது. இதற்கு வார்ம், கூல் பார்க்கவே வேண்டியதில்லை. தவிர, புடவையில் ஒரு வசதி உண்டு. முகத்துக்கு மிக அருகில் இருப்பது ரவிக்கைதான். புடவையின் உடல் நிறம் கொஞ்சம் ஒத்துவராவிட்டாலும் எதிர்நிற ரவிக்கை காப்பாற்றிவிடும். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் பார்டருக்கு வேறு நிறமும் வைப்பதில் இந்தச் சூட்சுமம் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் 1980-இல் எழுதிய புத்தகம் மனிதர்களை நிறச்சாயலை வைத்து வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்களாகப் பிரித்தது. கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் பெரும்பாலும் குளிர்காலத்தில் அடைத்துவிட்டது. குளிர்காலக்காரர்களுக்குப் பொன்மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்பும் ஆகாதாம். அந்தக் கணக்கில் பார்த்தால் பட்டுக்கடையில் பாதி அலமாரியை மூடிவிட வேண்டியதுதான்!

பவுண்டேஷன் கதை வேறு. எடுப்பாக நிற்பது இதன் வேலையில்லை; இருப்பதே தெரியாமல் தோலோடு கலந்துபோக வேண்டும். பெரும்பாலான பவுண்டேஷன்களில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியும் சேர்ந்திருக்கும். இந்த வெள்ளை அதிகமாகி மஞ்சளும் சிவப்பும் குறைந்தால் கரிய முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். கல்யாண ஆல்பங்களில் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவு கருப்பான இரு சகோதரிகளில் ஒருத்திக்குப் பொன்சாயல், மற்றவளுக்குச் செஞ்சாயல் என்றால் ஒரே புட்டி இருவருக்கும் ஆகாது. அடிநிறம் உண்மையிலேயே ஆட்சி செய்வது இங்கேதான். பாடகி ரிஹானாவின் பென்ட்டி பியூட்டி பவுண்டேஷன் 2017-இல் 40 ஷேடுகளோடு வந்தபோது அவ்வளவு பேசப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிளை நம்பியும் ஏமாறலாம். மேக் அழகுசாதன நிறுவனத்தின் என்சி வரிசையில் சி என்பது கூல். ஆனால் அது பொன்சாயல் தோலுக்கானது. வார்ம் என்று பொருள்படும் என்டபிள்யூ இளஞ்சிவப்புச் சாயலுக்கு.

லிப்ஸ்டிக் இரண்டுக்கும் நடுவில். அது உதட்டோடு கலந்து மறைய வேண்டியதில்லை, ஆகவே துணி மாதிரி துணிந்து எடுக்கலாம். ஆனால் கருத்த உதட்டின் நிறம் மெல்லிய பூச்சை ஊடுருவித் தெரியும். வெளிர் பிங்க் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆவது அதனால்.

அண்டர்டோனைக் கண்டறிய மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனை கரிய தோலில் நரம்பே சரியாகத் தெரியாததால் பயனற்றது. தோலுக்குப் பொருந்துவது தங்கமா வெள்ளியா என்ற சோதனையும் அப்படித்தான். பிறந்தது முதல் தங்கத்தையே பார்த்துப் பழகிய கண் எப்படி நடுநிலையாகச் சொல்லும்?

ஆகவே புடவையை உங்களுக்குப் பிடித்த நிறத்திலேயே எடுங்கள், ரவிக்கையில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பவுண்டேஷனை மட்டும் புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரம் கழுத்துவரை இழுத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்த ஷேடு உங்களுடையதல்ல.