கணக்கில் வராத தாமதம்: பணிநேர மென்பொருளும் நிர்வாகப் பொறுப்பும்

பணியிடத்தில் கணினி புகுந்ததைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு கட்சிகளாகவே நடக்கிறது. ஒரு கட்சிக்கு மென்பொருள் பாரபட்சம் அறியாத நடுவர். மறு கட்சிக்கு அது தூங்காத கங்காணி. இரண்டு கட்சியும் கருவிக்கென ஒரு குணத்தைக் கற்பித்துவிட்டு வாதிடுகின்றன. ஒரு மேலாண்மை மென்பொருள் நியாயமானதா என்பதை அது யாருடைய செயலை அளக்கிறது, யாருடைய தவறுக்கு விலை போடுகிறது என்பதை வைத்தே சொல்ல முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அமெரிக்கச் சில்லறை வணிகத்தின் பணி அட்டவணை மென்பொருள் இதற்கு நல்ல சான்று. எந்த மணிநேரத்தில் எத்தனை வாடிக்கையாளர் வருவர் என்று கணித்து, அதற்கேற்ப ஆட்களை வரச்சொல்லியும் திருப்பி அனுப்பியும் கூலிச் செலவைக் குறைப்பது அதன் வேலை. இரவு கடையைப் பூட்டியவரே விடியற்காலையில் வந்து திறக்க வேண்டியிருந்தது. வேலை உண்டா இல்லையா என்பது சில மணிநேரம் முன்புதான் தெரியும். அதுவரை வேறு வேலைக்கும் போக முடியாது, குழந்தையை யாரிடம் விடுவது என்றும் முடிவு செய்ய முடியாது. 2014 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவரின் நிலையை விரிவாக எழுதியதும், அந்நிறுவனம் அட்டவணை முறையைத் திருத்துவதாக அறிவித்தது. ஆனால் துறை முழுவதும் சொல்லிவந்த சமாதானம் அசையவில்லை: வாடிக்கையாளர் வருகை நிலையற்றது, ஆகவே வேலையும் நிலையற்றது.

இந்தச் சமாதானத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஆய்வாளர்களான ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர். கேப் துணிக்கடை நிறுவனத்தின் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிக் கடைகளில் 2015 இறுதி முதல் 2016 ஆகஸ்ட் வரை அவர்களது சோதனை நடந்தது. இரண்டு வார முன்னறிவிப்பும், ‘அழைத்தால் வா’ முறையின் ஒழிப்பும் எல்லாக் கடைகளுக்கும் பொது. சோதனைக் கடைகளில் மட்டும் கூடுதலாகச் சில ஏற்பாடுகள்: நாளுக்கு நாள் மாறாத ஷிஃப்ட் நேரங்கள், பகுதிநேர ஊழியர் சிலருக்கு வாரம் 20 மணிநேர வேலைக்கான உறுதி, மேலாளரை நாடாமல் ஊழியர்களே ஷிஃப்டை மாற்றிக்கொள்ள ஒரு செயலி. சோதனைக் கடைகளின் விற்பனை 7 விழுக்காடும், உழைப்பின் உற்பத்தித்திறன் 5 விழுக்காடும் கூடின.

பலரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்களைத்தான். என் பார்வையில் அந்த ஆய்வின் கனமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. அட்டவணை ஏன் குலைகிறது என்று தேடிப்போனவர்கள் வாடிக்கையாளரைத் தாண்டித் தலைமை அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார்கள். சரக்கு எவ்வளவு வருகிறது என்பது பற்றிய தவறான தகவல், கடைசி நேரத்தில் மாற்றப்படும் தள்ளுபடி அறிவிப்புகள், மேலதிகாரிகளின் வருகை: கடைகளில் நேரம் தடுமாறியதற்கு முக்கியக் காரணங்கள் இவை. மேலே ஒருவர் மனம் மாறினால் கீழே ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஊழியரின் வருகையை நிமிடக் கணக்கில் பதிந்துவந்த நிறுவனத்துக்குத் தன் குழப்பத்தின் செலவைப் பதிய ஒரு கட்டம்கூட இருந்ததில்லை.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் ஷிஃப்ட் மாற்றும் செயலியின் எல்லையும் புலப்படும். அது பயனுள்ளது, விடுப்புக்காக மேலாளரிடம் கெஞ்சும் நிலையைக் குறைக்கிறது, கூடுதல் மணிநேரம் வேண்டுபவருக்கு வழி திறக்கிறது. ஆனால் தனியாக விட்டால், மேலிருந்து இறங்கும் நிலையின்மையைத் தொழிலாளர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளத்தான் அது உதவும். செயலியை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற ஏற்பாடுகளைத் தவிர்க்கும் நிறுவனம் மனிதநேயத்தை மலிவு விலையில் வாங்கப் பார்க்கிறது.

சியாட்டில் நகரம் இதைச் சட்டத்தால் அணுகியது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்நகரச் சட்டம் பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் 14 நாள் முன்னதாக அட்டவணை தரவேண்டும் என்றது. அதன்பின் நிர்வாகம் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணிநேரக் கூலி அதிகம், குறைத்தால் இழந்த நேரத்துக்குப் பாதிக் கூலி. மென்பொருளின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். அதற்கு இரக்கம் தெரியாது, செலவு தெரியும். திடீர் மாற்றத்துக்குச் செலவே இல்லாதவரை அது ஆளை விரட்டும். செலவு வந்துவிட்டால் அதே கணிப்புமுறை அட்டவணையை நிலைநிறுத்தப் பார்க்கும். டேனியல் ஷ்னைடர், கிறிஸ்டன் ஹார்க்நெட் உள்ளிட்டோர் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இச்சட்டத்தால் ஊழியர்களின் நேரம் முன்கூட்டித் தெரியவந்தது, தூக்கமும் மேம்பட்டது.

விலை போடுவதற்கு முன் கணக்கைக் கேட்கும் உரிமை வேண்டும். டெலிவரூ நிறுவனம் தன் உணவு விநியோகத் தொழிலாளர்களைத் தரவரிசைப்படுத்திய கணிப்புமுறை, நோயால் வராதவரையும் வேலைநிறுத்தம் செய்தவரையும் சும்மா வராதவரையும் ஒரே தட்டில் வைத்தது. 2020 டிசம்பர் 31 அன்று இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. நிறுவனம் எல்லோரையும் சமமாக நடத்தியதாகவே வாதிடலாம். காரணம் கேளாத அந்தச் சமத்துவம்தான் வழக்கின் பொருள். வழக்குத் தொடுத்தவை தொழிற்சங்கங்கள் என்பதையும் சொல்லவேண்டும். தனி ஆளுக்குத் தன் மதிப்பெண் மட்டுமே தெரியும், அதுவும் தெரிந்தால்தான்.

தனியார் நிறுவனத்தோடு இது முடிவதில்லை. இந்திய அரசின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவுச் செயலி பொதுவாகக் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை, இடக்குறியோடு தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்றவேண்டியிருந்தது. பொய் வருகையைத் தடுக்கும் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அளந்துவிட்ட மண்ணை வெட்டி முடித்தவர்களும் இரண்டாம் படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிக்னல் கிடைக்காத ஊரில் உழைத்த நாளுக்கே ஆபத்து.

அத்திட்டத்தின் சட்டம் நிர்வாகத்தின் தாமதத்துக்கும் விலை வைத்திருந்தது. மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வராவிட்டால், 16ஆம் நாளுக்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 விழுக்காடு இழப்பீடு. சியாட்டிலுக்கு முன்பே நம்மிடம் இருந்த ஏற்பாடு இது. ஆனால் இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையில், மாநில நிர்வாகம் பணப் பரிமாற்ற ஆணையை உருவாக்கும் கட்டத்தோடு தாமதக் கணக்கு நின்றுவிடும். அதன்பின் மத்திய அரசிடமிருந்து பணம் தொழிலாளியின் கணக்குக்கு வந்து சேரும்வரை ஆகும் நாட்கள் எந்த ஏட்டிலும் தாமதம் ஆகவில்லை. ஸ்வராஜ் அபியான் அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. நாட்களை எண்ணுவது கணினிக்கு அற்ப வேலை. எந்த நாளோடு எண்ணுவதை நிறுத்தச் சொல்வது என்பதை முடிவு செய்தவர்கள் கூலி தரவேண்டியவர்களே.