மட்கலமும் மலையகத்து இல்லமும்

பண்டைய மக்களின் வாழ்க்கையை அறிவதற்கு எழுத்துச் சான்றுகள் போதாத இடங்களில் மட்கலங்களே ஆய்வாளருக்குத் துணைநிற்கின்றன. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வு, 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனக் கலங்களை வெளிக்கொணர்ந்தது. அக்காலத்து இந்துமாகடல் வணிகத்தில் ஈழத்துக் கரைகள் பெற்றிருந்த இடத்தை அவ்வுடைந்த கிண்ணங்கள் உணர்த்தின. மண்ணுள் புதைந்த கலத்தைப் போலவே, வீட்டு மாடத்தில் அழகுக்காக வைக்கப்பட்ட பழங்கலமும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். எனினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. புதைந்த கலம் தற்செயலாக எஞ்சியது. மாடத்துக் கலமோ ஒருவர் காக்க விரும்பியதால் எஞ்சியது. எவருடைய கலம் காக்கப்பட்டது, எவருடைய கலம் காக்கப்படவில்லை என்ற வினாவை மலையகத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

சாதாரணக் கலம் அரும்பொருளாக மாறுவது அதன் இயல்பால் மட்டுமன்று. 16ஆம் நூற்றாண்டின் யப்பானிய தேநீர் அறிஞர்கள், தென்சீனத்தில் அன்றாடப் பயனுக்காக வனையப்பட்டு லூசோன் தீவின் வழியாக வந்த சாடிகளைத் தேயிலை சேமிக்கும் பெருஞ்செல்வமாகப் போற்றினர். ஐரோப்பாவிலும் தேயிலையே பீங்கானுக்குத் துணையாக வந்தது. சீனத்துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் அடித்தட்டில் பீங்கான் அடுக்கப்பட்டது. அது கப்பலுக்குப் பாரமாகவும், மேலே வைத்த தேயிலையை ஈரத்திலிருந்து காப்பதாகவும் அமைந்தது. பெர்லின் சார்லொட்டன்பேர்க் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அறையின் சுவர் முழுவதும் சீன, யப்பானியக் கலங்களால் அணிசெய்யப்பட்டது. 1710இல் மைசன் நகரில் ஐரோப்பியப் பீங்கான் ஆலை தோன்றியது. பின்னர் இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயர் தேநீர்க் கலங்களை நடுத்தர வகுப்பாரின் இல்லங்களுக்கும் கொண்டுசென்றது. எனவே தேயிலையின் வரலாறும் பீங்கானின் வரலாறும் பிரிக்கவியலாதவை.

இப்பின்னணியிலேயே இறம்பொடையை நோக்குதல் வேண்டும். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதை இறம்பொடைக் கணவாயைக் கடந்தே செல்கின்றது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடையும்வரை கோப்பித் தோட்டங்களுக்கும் நுவரெலியாக் குடியேற்றத்துக்கும் வேண்டிய பொருள்கள் இப்பாதையில் மாட்டுவண்டிகளில் ஏறின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதும் தோட்டத்தின் இருவகை இல்லங்கள் மாறவில்லை. மேட்டில் துரையின் பங்களா. தாழ்வில் தொழிலாளரின் லயம்.

பங்களாவில் பொருளை வைத்து அழகுபார்க்க இடம் இருந்தது. கணப்பின் மேடை, கண்ணாடி அலுமாரி, அகன்ற சுவர் ஆகியன அங்கு அமைந்திருந்தன. தாய்நாட்டிலிருந்து வந்த தேநீர்க் கலங்கள் தலைமுறை கடந்தபோது பழம்பொருள் என்னும் மதிப்பைப் பெற்றன. அவற்றைத் துடைத்துக் காத்த கைகள் பெரும்பாலும் பங்களா வேலையாட்களுடையவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

லயத்துக் காம்பராவோ ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதனுள்ளேயே ஒரு குடும்பம் உறங்கியது, பொருள்களையும் வைத்துக்கொண்டது. இஸ்தோப்பே பல இடங்களில் சமையலறையாகவும் பயன்பட்டது. இத்தகைய இடத்திலும் அழகுணர்ச்சி அற்றுப்போகவில்லை. துலக்கிய செம்பும் குடமும் பலகைத் தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டன. பொங்கலுக்குப் புதுப்பானை வந்தது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் பூச்சூடியது. ஆயினும் மட்கலம் நெடுநாள் வைத்துப் பேணப்படவில்லை. இதற்குப் பண்பாட்டுக் காரணம் ஒன்றுண்டு. தமிழர் வழக்கில் பழைய பானை போகியோடு விலக்கப்படுவது. கொள்ளிக்குடம் உடைக்கப்படுவதற்கே சுமக்கப்படுவது. புதுமையையே மங்கலமாகக் கொள்ளும் இவ்வழக்கில் பழங்கலத்தை அணிப்பொருளாக்கும் எண்ணம் எளிதில் தோன்றாது.

எனினும் இக்காரணத்தை மட்டும் கூறி அமைவது முழுமையாகாது. பழம்பொருள் உருவாக நிலையான வீடு வேண்டும். லயம் தோட்டத்துக்கு உரியது. வேலை போயின் காம்பராவும் போகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சமமாகப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறும் குடும்பம் எடுத்துச் செல்லக்கூடியவற்றுள் மட்பானை இடம்பெற இயலாது. பங்களாக்களும் கைமாறின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஆனால் பங்களாவின் பழமை விலைபோகும் பொருளாயிற்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் 2005 முதல் பழைய பங்களாக்கள் உல்லாச விடுதிகளாக இயங்குகின்றன. துரைமார் காலத்துச் சூழலே அங்கு விருந்தினரைக் கவரும் அழகாகப் பேணப்படுகின்றது.

வாழ்விலிருந்து மறையும் கைவினைகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதை இந்நாட்டில் முன்னரே உணர்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை வந்த அவர் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞரின் தொழில்களை ஆராய்ந்து 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். குயவரின் தொழிலும் அதில் இடம்பெற்றது. வீட்டுப் பயன்பொருளையும் கலையாகக் காணும் அந்நோக்கு லயத்துப் பொருள்களுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் புழங்கிய பொருள்கள் அங்கே லயத்து அறைகளிலேயே வைக்கப்பட்டுள்ளன.

இன்று மலையகத்தில் சொந்த வீடு கட்டியோரும் கல்வியால் உயர்ந்தோரும் தம் இல்லங்களை அணிசெய்ய விழைகின்றனர். கடையில் வாங்கும் பீங்கான் சாடியோடு, பாட்டி புழங்கிய சட்டியும் சாடியும் எஞ்சியிருப்பின் அவையும் அங்கு இடம்பெறத்தக்கவை. ஆனால் பழங்கலத்தை அலங்காரமாக மட்டும் கொள்வதில் ஓர் இழப்பு உண்டு. கரிபடிந்த பானையைத் தேய்த்து வண்ணம் தீட்டிப் பூச்சாடியாக்கினால், அதன் அடுப்பையும் அதனைச் சூழ்ந்திருந்த குடும்பத்தையும் காட்டும் தடயம் அழிந்துவிடும். எத்தோட்டம், எந்த லயம், யார் கையில் எக்காலத்தில் புழங்கியது என்ற குறிப்பு கலத்தோடு சேர்த்துக் காக்கப்படல் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பல்கலைக்கழகத்து மலையக மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இப்பணியைத் தத்தம் வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். அவ்வாறு தொகுக்கப்படும் சான்றுகள் பங்களாவின் அலுமாரியால் மட்டும் அறியப்படும் மலையக வரலாற்றின் மறுபாதியை நிறைவுசெய்யும்.